ஏறுகிறவருக்கே வழி

ஆகஸ்ட் 16

நேற்றைய கிராமசபையில் என்னைப் பாதைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். என் திறமையைப் பார்த்து அல்ல. பன்னிரண்டாவது தேறிய பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மேலத்தெருவில் படித்த பெண்களையெல்லாம் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரில் மீந்தது நான். கோயம்புத்தூர் செல்போன் கடையில் நின்று நின்று கால் வீங்கி, மேனேஜரோடு சண்டை போட்டு, போன மாதம்தான் வீடு திரும்பினேன்.

"நம்ம சுகந்தி போதும்யா. சொன்ன எடத்துல கையெழுத்துப் போடும்" என்றார் ராஜாங்கம். பஞ்சாயத்தின் முன்னாள் தலைவர். பதவி போனது அவருக்கு மட்டும் தெரியாது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

யார் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.

ஆகஸ்ட் 19

விஷயத்தைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன். கோபத்தில் எனக்கே குழம்பிவிடுகிறது.

எங்கள் ஊர் நெல்லூத்துக்குப் பின்னால் மலை. உச்சியில் கன்னிமார் மொட்டை: புல்வெளி, ஒரு சுனை, சாமி என்று ஏழு கற்கள். வழியில் முன்பு காப்பித் தோட்டங்கள் இருந்தன. ரோடு வராத காலத்தில் அங்கிருந்து காப்பி மூட்டைகளைத் தலையில் வைத்து இறக்கியவர்கள் கீழத்தெருக்காரர்கள். அதாவது எங்கள் ஆட்கள். அவர்கள் நடந்து நடந்து உண்டான பாதை எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தொடங்குகிறது. ரோடு வந்ததும் புதர் மூடிவிட்டது. இப்போது வனத்துறை அதை மலையேற்றப் பாதையாகத் திறக்கிறது. ஊர்க்காரர்களே வழிகாட்டலாம், பராமரிக்கலாம், வருமானத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

பாதை எங்கே தொடங்குவது என்பதில்தான் சண்டை. மேலத்தெரு வளைவில் தொடங்கி, தன் மாந்தோப்பு ஓரமாகப் புதுத் தடம் வெட்டி, எங்கள் வீடுகளுக்கு மேலே பழைய பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்கிறார் ராஜாங்கம். அப்படிச் செய்தால் மலைக்கு வருகிறவர்கள் யாரும் கீழத்தெருவைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். டீக்கடை, சாப்பாடு, வண்டி நிறுத்தம், தங்கும் அறை எல்லாம் வளைவுப் பக்கம் போய்விடும். நாங்கள் கூப்பிட்ட நேரத்துக்குப் போகிற கூலி ஆட்கள். இதற்கு எதற்குப் புதிதாக ஒரு திட்டம்? இப்போதே அப்படித்தானே இருக்கிறோம்.

வனச்சரகர் வெளிமாவட்டத்துக்காரர், நேராகப் பேசுகிறார். மழைக்கு முன்னும் பின்னும் கீழத்தெருவிலிருந்து சோதனை நடைகள் நடக்கும். ஒழுங்காக நடந்தால் தொடக்கம் இங்கேயே. இல்லாவிட்டால் வளைவு. பொங்கலுக்குள் முடிவு.

இது போதும் எனக்கு. ஜெயிப்போம்.

செப்டம்பர் 2

காலையிலிருந்து, பாதையை மூடியிருந்த உண்ணிச்செடிப் புதரை வெட்டினோம். எல்லாரும் கீழத்தெருப் பெண்கள். முத்துமாயன் மாமா மட்டும் ஆண். ஜீப் ஓட்டப் போகாத நாட்களில் வருவார், வேலையைவிடப் பேச்சு அதிகம். கொசுவலைக்குள் புகுந்த கொசுபோல அவர் வாய் ஓயாது.

சடச்சி அத்தை, அப்பாவின் அக்கா, வயசுப்பிள்ளையாக இருந்தபோது இந்தப் பாதையில் மூட்டை சுமந்தவள். அதைத் தினமும் யாரிடமாவது சொல்வாள். செல்போனை எடுத்தால் போதும், வெற்றிலை வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். வனத்துறைக்கு அனுப்பிய படங்களில் பாதை தெரியவில்லை, அத்தைதான் தெரிகிறாள்.

பாதையை அகலமாக வெட்டச் சொன்னேன். இரண்டு பேர் தோள் இடிக்காமல் எதிரெதிரே போகலாம். இவ்வளவு அகலம் எதற்கு என்று முனகினார்கள். தலைவி சொன்னால் சொன்னதுதான்.

கையில் கொப்புளம். துணி துவைக்கவில்லை.

செப்டம்பர் 10

வழிகாட்டிகளுக்கு ஷூ வந்தது. அத்தைக்குக் கொஞ்சம் பெரிது. முன்னால் துணி அடைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கே எனக்குச் செருப்பு வாங்கித் தரல. இப்ப பாரு, போலீசு ஷூ" என்று தெரு முழுக்க நடந்து காட்டினாள்.

பிற்பகலில் அறிமுகக் கூட்டத்துக்கு மேலத்தெரு வழியாகப் போனோம். வளைவு வந்ததும் அத்தை ஷூவைக் கழற்றி, லேஸைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மற்ற பெண்களும் அப்படியே. நான் கத்தினேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், யார் உங்களைக் கேட்கப் போகிறார்கள் என்றேன். கூட்டம் முடிந்து திரும்பும்போதும் ஷூக்கள் கழுத்தில்தான் ஆடின.

நான் கழற்றவில்லை. கடைசிவரை போட்டுக்கொண்டுதான் நடந்தேன். திரும்பி வரும்போது ராஜாங்கம் எதிரே வந்தார். அந்த நேரம் பார்த்து லேஸ் அவிழ்ந்திருந்தது. ஓரமாக வாய்க்காலில் இறங்கிக் கட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 21

முதல் நடை. பிரமாதம்.

மதுரையிலிருந்து ஒரு நடைக்குழு வந்தது. அத்தையை முன்னால் விட்டேன். அவளுக்கு அடுத்து நான். மூட்டை சுமந்த கதையை ஏறிக்கொண்டே சொன்னாள். மூச்சு வாங்கியது வந்தவர்களுக்கு, அவளுக்கு இல்லை. சுனையருகே அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தோம். ஓர் ஆள் கண்ணில் நீர் வழிய வழிய மறுபடியும் கேட்டு வாங்கினார்.

காற்றுச் சுத்தமாக இருக்கிறது, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எங்கள் தெருவில் சாக்கடை வசதி இல்லாததை இறங்கிய பிறகு காட்டினேன். அதுவும் சுற்றுலாதான்.

சரகருக்குத் திருப்தி. ராஜாங்கம் வாழைத்தார் அனுப்பியிருந்தார். அதைத் தின்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் தின்று முடித்திருந்தார்கள்.

அக்டோபர் 5

இரண்டாவது நடை. எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஊசிப்பாறையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் புல் மூடிய சரிவு. அத்தை முன்னால், அடுத்து நான், பின்னால் வந்தவர்கள். மேலேயிருந்து ராஜாங்கமும் அவர் உறவினர்களும் இறங்கி வந்தார்கள். கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார்களாம். இன்றைக்குத்தான் உடைக்க வேண்டுமா?

அவரைப் பார்த்ததும் அத்தை பாதையைவிட்டுச் சரிவுப் பக்கம் இறங்கிப் புல்லுக்குள் நின்றாள். அவளைத் தடுக்க நானும் இறங்கினேன். பின்னால் வந்தவர்களுக்கு என்ன தெரியும்? வழிகாட்டிகள் இறங்கினால் அதுதான் வழி என்று நினைத்து ஒவ்வொருவராக எங்கள் பின்னால் இறங்கினார்கள். புல்லுக்கு அடியில் உருளைக்கல். ஒரு பேராசிரியை சறுக்கி விழுந்து, புதர் தடுத்து நின்றார். கணுக்கால் பிசகிவிட்டது. புதர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க விரும்பவில்லை.

ராஜாங்கத்தின் ஆட்கள் காலியான பாதையில் வரிசையாக இறங்கிப் போனார்கள். அவர் மட்டும் நின்றார்.

சரகர் பின்னாலிருந்து ஓடிவந்து அத்தையைக் கேட்டார். "பாதை இவ்வளவு அகலமா இருக்கே, ஏன் இறங்கினீங்க?"

"எதுக்க ஆளு வந்தாக சார்."

"வந்தா? ரெண்டு பேரும் போகலாமே."

அத்தை தரையைப் பார்த்தாள். சரகருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரியவைத்தவர் ராஜாங்கம்.

"பழக்கம் சார். மரியாதை தெரிஞ்ச சனம்" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா உங்கள நம்பி வெளியூர் ஆளுகள அனுப்ப முடியாது, என்னம்மா?"

பேராசிரியையை மாமாவும் இரண்டு பெண்களும் மாறி மாறித் தூக்கி இறக்கினார்கள். அந்த அம்மா வலியிலும் ஸாரி ஸாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 6

சரகர் பேசினார். இன்னொரு நடைக்கு மட்டும் வாய்ப்பு. மழைக்குப் பிறகு. அதிலும் யாராவது பாதையைவிட்டு இறங்கினால் வளைவுதான்.

அக்டோபர் 7

சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டேன். சடச்சி அத்தை இனி வழிகாட்டி இல்லை, சமையலுக்குப் போகட்டும் என்று சொன்னேன். அடிமைப் புத்தி உள்ளவர்கள் முன்னால் நடக்க முடியாது என்றும் சொன்னேன். கடுமையான சொல்தான். உண்மை.

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் எறங்குனேன். ஒத்துக்கிறேன். நீ எதுக்குடி எறங்குன?"

"உன்னைத் தடுக்க."

"தடுக்க வந்தவ எனக்கு முன்னாடியா எறங்குவ? நான் கால வைக்கறப்பவே உன் ஷூ புல்லுக்குள்ள கெடந்துச்சு." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவளுக்கு அடிமைப் புத்தியெல்லாம் கெடையாதுத்தா. அவுகளக் கண்டா லேசுதான் அவுந்துபோகும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரிவில் யார் முதலில் கால் வைத்தார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. கூட்டத்தை முடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8

மழை. ரேஷன் அரிசி வாங்கினேன்.

அக்டோபர் 9

மழை.

நவம்பர் 3

மழை விடாமல் பெய்கிறது. அத்தை வீட்டுக் கூரை ஒழுகியது. தார்ப்பாய் கொண்டுபோய்க் கட்டினேன். அவள் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தாள். முடிச்சு சரியில்லை என்று திட்டினாள். டீ கொடுத்தாள்.

நவம்பர் 12

மாமாவின் ஜீப்பில் மலை ரோட்டில் போனேன், மேலே ஒரு வீட்டுக்குச் சிமெண்டு ஏற்றிக்கொண்டு. கொண்டையூசி வளைவில் பெரிய கார் ஒன்று எதிரே இறங்கி வந்தது. கட்சிக்கொடி கட்டிய கார். மாமா ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தார். கார் கொஞ்சம் முறைத்துவிட்டு, பின்னால் போய் மலைச்சுவரோடு ஒட்டி நின்றது. நாங்கள் ஏறிப் போனோம்.

பயமில்லையா என்று கேட்டேன்.

"என்ன பயம்? மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி. நின்னு எடுத்தா ஏறாது. எறங்குறவன் மலப்பக்கம் ஒதுங்கணும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்குனா பொணம்தான். உள்ள ஒக்காந்திருக்கிறவன் எந்தத் தெருன்னு வண்டிக்கு எப்படிப் பாப்பா தெரியும்?"

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஏற்றத்தில் நிறுத்த முடியாது என்று இப்போதுதானே சொன்னேன் என்று திட்டினார்.

நவம்பர் 16

கூட்டம். பாதைக்கு ஒரே விதி: ஏறுகிறவருக்கு வழி. இறங்குகிறவர் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். சரிவுப் பக்கம் யாரும், எதற்காகவும் கால் வைக்கக் கூடாது. யாராக இருந்தாலும்.

பாதைத் தொடக்கத்தில் வைக்கப்போகும் பலகையில் இன்னொரு வரி சேர்க்க விரும்பினேன்: இந்தப் பாதையில் சாதி பார்த்து ஒதுங்குவது குற்றம். சிவப்பு எழுத்தில். அத்தை வேண்டாம் என்றாள்.

"சாதின்னு எழுதுனா மறுநாளே பலகைய ஒடைப்பானுக. வண்டி ரூலுன்னு எழுது. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். கார் வச்சிருக்கிறவனுக எல்லாம் அத ஏத்துக்கிட்டவனுகதான."

கோழைத்தனம் என்று வாதாடினேன். கூட்டம் அவள் பக்கம் நின்றது. சரி, யோசித்துப் பார்த்து நானும் அப்படியே முடிவு செய்தேன். சரகர் விதியைப் படித்து, பாதுகாப்புக்கு நல்ல விதி என்று உடனே ஒப்புக்கொண்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி, முன்பே இதை ஏன் சொல்லவில்லை என்பதுதான்.

டிசம்பர் 7

மழை நின்றுவிட்டது. ஊசிப்பாறையில் ஒத்திகை.

மாமா தோளில் துண்டு போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ராஜாங்கம்போல் மேலேயிருந்து இறங்கி வந்தார். அத்தை கீழேயிருந்து ஏறினாள். நெருங்கியதும் அவள் வலது கால் தானாகப் புல்லுக்குள் போனது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுபடியும் நடந்தாள். மறுபடியும் போனது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தொடையில் பளாரென்று ஓர் அறை விட்டாள். "நான் சொல்லித்தான நடக்கிற நீயி?" என்று காலைக் கேட்டாள்.

மதியம் தாண்டியதும் அவள் இறங்காமல் நின்றாள். மாமா துண்டோடு முகத்துக்கு முகம் வந்து, "ஏத்தா, வழிய விடு" என்றார். அத்தை அசையவில்லை. மாமா மலைச்சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெண்கள் விசிலடித்தார்கள்.

நானும் நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தேன். மாமா மறுபடியும் நடக்கச் சொன்னார். நடந்தேன். இன்னும் ஒருமுறை என்றார். வெயில் சாயும்வரை அவருக்கு அலுக்கவில்லை.

டிசம்பர் 9

ராஜாங்கம் பலகையைப் பார்த்திருக்கிறார். கீழத்தெருவுக்குள் வரமாட்டார், அதனால் தெரு முனைத் தண்ணீர்த் தொட்டியருகே வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

கோபமாகப் பேசவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், வளைவில் தொடக்கம் வந்தால் உனக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி நிச்சயம், மாதச் சம்பளம், மின்விசிறி என்றார். பலகையில் இருக்கிற விதி யாரை மனதில் வைத்து எழுதியது என்றும் கேட்டார்.

"வண்டிகளை மனசுல வச்சுங்க" என்றேன்.

டிசம்பர் 10

அப்பாவை இனி ராஜாங்கத்தின் மாந்தோப்புக் காவலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பகலில் பாய் விரித்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மாதான் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

டிசம்பர் 20

அப்பா பாதை வேலைக்கு வந்தார். மழையில் கரைந்த படிகளுக்குக் கல் பதித்தார். நான் தலைவி என்பதை மதிக்காமல் எனக்கே உத்தரவு போடுகிறார்.

ஜனவரி 9

நாளை மறுநாள் நடை. யார் முன்னால் போவது என்பதற்கு இன்று கூட்டம். நான்தான் போவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தலைவி, பொறுப்பு, கடைசி வாய்ப்பு.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார். நான் முன்னால் போனால் வழிவிட மாட்டேன், சரிதான், ஆனால் நின்று சண்டையும் போடுவேன், வந்தவர்கள் மலையை மறந்துவிட்டு அதைப் படம் எடுப்பார்கள் என்றார். அத்தை அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை.

"முன்னாடி நடக்க எனக்குத் தெரியும். கடைசியா வர்றவதான் ஒருத்தரையும் விடாமப் பார்க்கணும், அதுக்குக் கோவக்காரிதான் சரி. நீ கடைசி."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே. அப்பாவின் கையும்.

பிறகு எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடைசி இடம் பொறுப்பான இடம்.

ஜனவரி 11

முடிவு வந்துவிட்டது. பாதை கீழத்தெருவிலிருந்துதான் தொடங்கும். சரகர் தண்ணீர்த் தொட்டியருகே டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். இதைக் கடைசியில்தான் எழுத வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை.

இனி நடந்தது. வந்தவர்கள் ஒரு பெரிய கூட்டம். அத்தை முன்னால், சரகர் நடுவில், நான் எல்லாருக்கும் பின்னால். எனக்கு முன்னே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மெதுவாக ஏறினார். ஊசிப்பாறைத் திருப்பத்தில் வரிசை நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பது தெரியாது, பாறை மறைக்கும்.

"கரடியாம்மா?" என்று கேட்டார் தபால்காரர்.

"இல்ல சார். எதுக்க ஆள் வருது."

"அதுக்கு ஏன் நிக்கிறோம்?"

முன்னால் ஓட வேண்டும்போல் இருந்தது. நான் ஓடினால் அவருக்குப் பின்னால் ஆளில்லை. நின்றேன். முன்னால் சத்தமே இல்லை. எனக்கு முன்னே நின்றவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தக் காலாவது புல் பக்கம் திரும்புகிறதா என்று. ஒன்றும் திரும்பவில்லை.

பிறகு அத்தையின் குரல் கேட்டது. சண்டைக்குரல் இல்லை. பஸ் கண்டக்டர் படிக்கட்டில் நிற்பவர்களை உள்ளே வரச் சொல்வதுபோல் இருந்தது.

"ஏறுறவகளுக்குத்தான் வழிங்கய்யா. நீங்க மலப்பக்கம் நில்லுங்க. அந்தப் பக்கம் போயிராதீக, சரியும்."

யாரோ கனைத்தார்கள். பிறகு முன்னால் ஒரு முதுகு அசைந்தது, அடுத்த முதுகு, அடுத்தது. தபால்காரர் நடக்கத் தொடங்கினார். நானும் நடந்தேன்.

திருப்பத்தைத் தாண்டியதும் பார்த்தேன். ராஜாங்கத்தின் வீட்டாட்கள் பாறையோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள். அவருடைய மருமகள் பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வெளியூர்ப் பெண். ராஜாங்கம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது.

ஒவ்வொருவராகக் கடந்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். அவர் தலையாட்டினார். நான் வந்தபோது நிமிர்ந்தார்.

"ஏம்மா, இன்னும் எத்தனை பேரு?"

"நான்தான் கடைசி" என்றேன்.

நான் கடக்கும்வரை நின்றார். கொஞ்சம் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் ஊறிய பாறை அது. அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் பச்சைப் பாசி அப்பியிருந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தபால்காரர் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார், அவரோடு சேர்ந்துகொள்ள ஓடினேன்.